பீர்த் தொட்டியா, கனிம நீரா? செக் நாட்டில் தம்பதியாகக் குளிக்கப் போகிறவர்களுக்கு

பத்தாவது திருமண நாளைச் செக் நாட்டில் கழிப்பது என்று முடிவானதும் என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பீர்க் குளியல். நான் பீர் குடிப்பதில்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது. அவர் குடிப்பார், அளவாக. இந்த ஒரு மணி நேரக் குளியலைப் பற்றி நாங்கள் வாதாடிய அளவுக்கு, விசாவுக்குக் காகிதம் சேர்த்த நாட்களில்கூட வாதாடவில்லை. கடைசியில் பத்து இரவுப் பயணத்தில் இரண்டு பீர்க் குளியல், அவர் மட்டும் மூன்றாவதாக ஒன்று, நடுவில் எனக்காகக் கனிம நீர்க் குளியல் ஒன்று என்று பஞ்சாயத்து முடிந்தது. இரண்டு தரப்பையும் அனுபவித்துவிட்டதால், போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் தகுதி கொஞ்சம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு மயக்கம் தெளிய வேண்டும். தொட்டி நிறையப் பீர் இருக்காது. செக் மொழியில் இதற்குப் பெயர் பிவ்னி லாஸ்னே. பிவோ என்றால் பீர், லாஸ்னே என்றால் குளியல் தலம். தொட்டியில் இருப்பது பெரும்பாலும் வெந்நீர்தான். உடம்புச் சூட்டை ஒட்டி, 35 முதல் 38 பாகை வரை. அதில் பீர் காய்ச்சச் சேர்க்கிற பொருள்களைக் கொட்டுகிறார்கள்: நொறுக்கிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ், ஈஸ்ட். சில இடங்களில் கொஞ்சம் பீரும் ஊற்றுகிறார்கள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் பச்சைப் பூ. பீரின் கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகின்றன. பிராகுக்கு வடமேற்கே ஜாடெட்ஸ் என்ற சிறு நகரத்தைச் சுற்றி அதைப் பயிரிடுகிறார்கள். அந்த வயல்களையும் நகரத்தையும் சேர்த்து 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் உலகத்திலேயே அதிகம் பீர் குடிக்கிற நாட்டில், குடித்தது போதாதென்று குளிக்கவும் ஆரம்பித்தது ஆச்சரியமில்லை.

பிராகில் நாங்கள் போன இடத்தில் நிலவறை மாதிரி வளைந்த கூரை. நடுவில் ஓக் மரத் தொட்டி. ஓர் இளம்பெண் மூன்று மரக் கிண்ணங்களோடு வந்தாள். ஒன்றில் பச்சைத் தூள், ஒன்றில் பழுப்பு நொய், ஒன்றில் சாம்பல் நிற மாவு. வெந்நீர் விழும் இடத்தில் மூன்றையும் தூவினாள். நீர் சுழன்று, நுரை கட்டி, பழுப்பாக மாறியது. ஆவி முகத்தில் அடித்ததும் எனக்கு ஒரே ஒரு நினைவுதான் வந்தது.

“என்னங்க, இது மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியில் தவிடு கரைத்த வாசனை.”

“அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியமா? சும்மா இறங்கும்மா.”

இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் வாசனை பழகிவிட்டது. பீரின் புளித்த நெடி அதில் இல்லவே இல்லை. ஈர வைக்கோலும் வறுத்த தானியமும் கலந்த மணம், கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். பீர் வாசனை பிடிக்காது என்பதற்காகத் தயங்குகிறவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம். உண்மையில் எங்கள் இருவரில் குளியலை அதிகம் ரசித்தவள் நான்; அவர் பக்கத்தில் இருந்த பீர்க் குழாயிலேயே கவனமாக இருந்தார்.

தோலுக்கு நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விளம்பரங்களைப் படித்தால் ஈஸ்டில் உள்ள பி வைட்டமின்கள் தோலுக்குள் போகும், ஹாப்ஸ் நரம்பை அமைதிப்படுத்தும், குளித்த பிறகு பல மணி நேரம் உடம்பைக் கழுவாமல் இருந்தால் பலன் கூடும் என்றெல்லாம் இருக்கும். ஈஸ்டில் பி வைட்டமின்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை நீரில் கரைபவை. நம் தோலின் மேலடுக்கு நீரில் கரைபவற்றை அவ்வளவு சுலபமாக உள்ளே விடுவதில்லை. அப்படி விட்டால் மழையில் நனைந்தாலே நாம் ஊறிப் போய்விடுவோம். வெளியே வந்தபோது என் கை மென்மையாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் வெந்நீரில் ஊறிய எந்தக் கையும் அப்படித்தான் இருக்கும். ஆகவே மருத்துவக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, இதை ஒரு பொழுதாக மட்டும் எடைபோடுங்கள். அப்படிப் பார்த்தால்தான் எங்கே போவது என்பதும் தெளியும்.

பிராக் நகர மையத்தில்

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் சுலபம். பழைய நகரச் சதுக்கத்தின் பின்னால் தீன் முற்றத்தில் பெர்னார்ட் என்ற பீரின் பெயரில் ஒரு குளியலகம் உண்டு; அந்தப் பீரின் ஆலை இருப்பது ஹும்போலெட்ஸ் என்ற ஊரில். ஜித்னா தெருவில் இன்னொன்று. அங்கே குழாயில் வருவது க்ருஷோவிட்ஸே என்ற பீர். இவை தவிர இன்னும் சிலவும் மையப் பகுதியிலேயே உள்ளன. நடந்து போய், குளித்து, நடந்தே விடுதிக்குத் திரும்பிவிடலாம். அரை நாள்கூடச் செலவாகாது.

இங்கே உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாகத் தனிமை. இருவருக்கு ஒரு தொட்டி, ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். பணிப்பெண் பொருள்களைத் தூவிவிட்டுப் போனால், நேரம் முடிந்து கதவைத் தட்டும்வரை யாரும் வருவதில்லை. நீச்சலுடை போட்டுக்கொள்வதும் போடாததும் உங்கள் விருப்பம். போட்டுக்கொள்வதென்றால் பழையதாக, கரும் நிறத்தில் எடுத்துப் போங்கள். ஹாப்ஸ் தூள் தையலுக்குள் புகுந்துகொண்டு மூன்று முறை துவைத்தாலும் போகாது.

தொட்டியின் பக்கத்திலேயே பீர்க் குழாய். நீங்களே பிடித்துக்கொள்ளலாம், அளவு கிடையாது. என் கணவர் முதல் குவளையைப் பிடித்தபோது முழுக்க நுரைதான் வந்தது. பொருள்களைத் தூவிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பணிப்பெண் சிரித்துவிட்டு, “ம்லீகோ” என்றாள். பால் என்று அர்த்தமாம். இவரைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, வெறும் நுரையாக ஒரு குவளை பிடித்து ஒரே மூச்சில் குடிப்பது அங்கே முறையாகவே உள்ள ஒரு வகை, அதன் பெயரே அதுதான். தற்செயலாக நேர்ந்ததைக் கலையாக்கிவிட்ட பெருமிதத்தோடு மனிதர் குடித்து முடித்தார்.

எனக்கு? முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஒரு பாட்டில் கொஃபோலா வைத்திருந்தார்கள். 1960 முதல் அங்கே விற்கும் கோலா வகைப் பானம். மூலிகை வாசனை, சர்க்கரை கொஞ்சம் குறைவு. பிரெல் போன்ற மது இல்லாத பீரும் அந்த நாட்டில் எங்கும் கிடைக்கும். ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வந்தபின் கேட்டால் வெறும் தண்ணீர்தான்.

குளித்து முடித்ததும் வைக்கோல் படுக்கை. வைக்கோலின் மேல் துணி விரித்து, உடம்பைப் போர்த்தி, கணப்பு அடுப்பின் பக்கத்தில் படுக்கச் சொல்கிறார்கள். துணியையும் மீறி ஒன்றிரண்டு தாள்கள் முதுகில் குத்தும். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் புரண்டுகொண்டே இருந்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேரத்தை இவர்கள் கடையில் துணி அளப்பது போல அளக்கிறார்கள். ஒரு மணி நேரம் என்றால் உடை மாற்றுவது, உடம்பைக் கழுவுவது, படுக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். நான் கடிகாரம் பார்த்தேன்: எங்கள் பிட்டம் தொட்டியில் இருந்தது 28 நிமிடம். விலையும் இங்கேதான் அதிகம். இருவருக்குச் சில ஆயிரம் கொருனா (செக் நாணயம்) ஆகிவிடும்.

“அளவில்லாத பீர்” என்ற சொல்லில் மயங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரணக் கடையில் அரை லிட்டர் பீர் 60, 70 கொருனா என்று வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில், வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, நிதானம் உள்ள ஒருவர் இரண்டு குவளைக்கு மேல் குடிக்க முடியாது. என் கணவர் ஒன்றரையோடு நிறுத்திக்கொண்டார். இருவரும் குடித்தால்கூட 280 கொருனாவுக்கு உள்ளேதான் வரும். மீதிப் பணம் எல்லாம் அந்தத் தாழ்ப்பாளுக்கு. அதற்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். கூட்டுக் குடும்பத்திலிருந்து பத்து நாள் தப்பித்து வந்தவர்கள் கொடுக்கலாம் என்பேன்.

ஒரு தொட்டியா, இரண்டு தொட்டியா?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முதல் பீர்க் குளியல் இதில்தான் கெட்டது. பிராகுக்கு முன்பு, இந்தக் கட்டுரையில் பெயர் வராத ஓர் ஊரில், விலை பாதிதான் என்று மகிழ்ந்து “இருவருக்கு” என்று போட்டிருந்த சீட்டை வாங்கினோம். போய்ப் பார்த்தால் ஒரு நீண்ட கூடம். வரிசையாக ஒற்றை ஆள் தொட்டிகள். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, நடுவில் திரை. அவருக்கு அடுத்த தொட்டிகளில் வேறொரு நாட்டுப் பெரியவர்கள் இருவர். நான் பணியாளரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாக விரலை விட்டு எண்ணினார்: ஒன்று, இரண்டு, இருவருக்குத்தானே? அவர் சொன்னதில் பிழையே இல்லை. திருமண நாளன்று திரைக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, “தண்ணீர் ஆறிவிட்டதா?” “இல்லை, உனக்கு?” என்று ஆஸ்பத்திரி வார்டில் பேசுவது போலப் பேசிக்கொண்டோம்.

அதனால் எங்கே பதிவு செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே தொட்டியா? அறை எங்களுக்கு மட்டுமா? தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வாங்கிவிட்டால் விலை வித்தியாசத்தின் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

ஆலையின் வாசலிலேயே: ஹொடோவா பிளானா

செக்கின் மேற்கு மூலையில், மரியான்ஸ்கே லாஸ்னே என்ற நீர்த் தலத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ள சிறு ஊர். இங்கே ஹொடோவார் என்ற குடும்பப் பீர் ஆலை, 2006-இல் தன் வளாகத்திலேயே குளியலகத்தைத் திறந்தது. பிராகில் இன்று பார்க்கிற கூட்டத்துக்கெல்லாம் இது மூத்தது. பிராகில் உள்ளவை பயணிகளுக்காக ஏற்படுத்தப்பட்டவை. இங்கே ஆலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் நீங்கள் குளிக்கிறீர்கள். காற்றிலேயே மால்ட் மணம் இருக்கிறது.

இங்கே முறை வேறு. ஆலையின் கனிம நீரையும், குளிப்பதற்கென்றே காய்ச்சிய கரும் பீரையும் கலக்கிறார்கள். சூடு பிராகைவிடக் குறைவு, 34 பாகை அளவில். 20 நிமிடம் தொட்டி, பிறகு போர்வை சுற்றி மங்கலான அறையில் ஓய்வு. கையில் ஒரு குவளை பீர் உண்டு. ஆனால் நீங்களே குழாயைத் திறந்து விளையாடும் கதை இல்லை. விளையாட்டைவிடச் சிகிச்சையின் சாயல் அதிகம்.

நான் அன்றைக்குக் குளிக்கவில்லை. அவர் மட்டும் போனார். நான் ஆலையின் பழைய நிலவறைகளில் அமைத்திருக்கும் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். கருங்கல் பாறையைக் குடைந்து பீரைக் குளிர வைக்கத் தோண்டிய குகைகள் அவை. சுவரைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டுகிறது. ஒரு மணி நேரம் கழித்து, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முகத்தோடு அவர் வந்தார். போர்வைக்குள் குறட்டை விட்டுத் தூங்கியதாக அவரே ஒப்புக்கொண்டார். பிராகில் அவர் தூங்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். எதற்காகப் போகிறீர்கள் என்பதை இந்த வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

போக்குவரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செக்கில் வாகனம் ஓட்டுகிறவரின் ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது. அங்கே சட்டம் அனுமதிக்கும் அளவு பூஜ்யம்தான். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஆலை ஊருக்குப் போனால், ஓட்டுகிறவர் பீர்த் தொட்டியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். ரயில்தான் சரி. பிராகிலிருந்து பில்சன் வழியாக மரியான்ஸ்கே லாஸ்னேக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து சிறு ரயில் ஹொடோவா பிளானாவில் நிற்கிறது. இதற்காக மட்டும் பிராகிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். அந்தப் பக்கம் இரண்டு இரவாவது தங்குகிறவர்களுக்கே இது பொருந்தும்.

பில்சன்

பீரை உண்மையாகவே நேசிப்பவர் உங்கள் துணை என்றால் குளியலை இங்கே வைத்துக்கொள்ளலாம். 1842-இல் யோசெஃப் குரோல் என்ற பவேரியர் (இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதிக்காரர்) இந்த நகரத்தில் காய்ச்சிய பொன்னிறப் பீர்தான், இன்று உலகம் முழுவதும் பில்ஸ்னர் என்று அழைக்கப்படும் வகைக்கே தாய். பில்ஸ்னர் உர்க்வெல் ஆலையைச் சுற்றிப் பார்க்கும்போது கடைசியில் நிலவறைக்கு அழைத்துப் போவார்கள். கோடையிலும் சால்வை வேண்டும், அவ்வளவு குளிர். அங்கே ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரைப் பிடித்துக் கையில் கொடுக்கிறார்கள். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் குவளையை அவரிடம் தள்ளினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதருக்குத் தொட்டியே தேவையில்லை என்று தோன்றியது. நகரத்தின் ஓரத்தில் செர்னிட்ஸே பகுதியில் உள்ள புர்க்மிஸ்தர் என்ற விடுதியில் சொந்தப் பீர் ஆலையும் பீர்க் குளியலும் ஒன்றாக இருக்கின்றன. பிராகிலிருந்து பில்சனுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். காலையில் ஆலை, மாலையில் குளியல், இரவு பிராகில் உறக்கம் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.

நாட்டின் கிழக்கே ரோஜ்னோவ் என்ற மலையடி ஊரிலும் பீர்க் குளியல் உண்டு. மொராவியா பக்கம் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இதற்காக வழியை மாற்ற வேண்டாம்.

பீரே இல்லாமல்: மரியான்ஸ்கே லாஸ்னே

இது என் கட்சி. செக்கில் குளிப்பதற்குப் பேர் போனவை பீர்த் தொட்டிகள் அல்ல, நீரூற்றுகள். 2021-இல் ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் பதினொரு நீர்த் தலங்களை யுனெஸ்கோ ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே என்ற மூன்றும் இந்த மேற்கு மூலையில்தான் உள்ளன.

கார்லோவி வாரியில் ஊற்று 73 பாகைச் சூட்டில் பன்னிரண்டு மீட்டர் வரை பீறிட்டு எழும்புகிறது. மூக்கு வைத்த பீங்கான் குவளையில் அதைப் பிடித்து, ஆற்றி, உறிஞ்சிக்கொண்டே ஊர் முழுக்க மக்கள் நடக்கிறார்கள். பார்க்க அழகு, கூட்டம் அதிகம். எனக்கு அமைதியான மரியான்ஸ்கே லாஸ்னே பிடித்தது. அங்குள்ள ஊற்றுகள் குளிர்ந்தவை, வாயு நிறைந்தவை. அதனால் அங்கே பேர் போனது கரியமிலவாயு கரைந்த நீர்க் குளியல்.

அதை எப்படிச் சொல்வது? தொட்டியில் இறங்கியதும் முதல் நிமிடம் வெதுவெதுப்பான நீர், வேறொன்றுமில்லை. பிறகு பார்த்தால் கையில் உள்ள ஒவ்வொரு மயிரின் நுனியிலும் கடுகு அளவு குமிழி. கையை அசைத்தால் எல்லாம் ஒன்றாக மேலே ஓடுகின்றன. நிறுத்தினால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. வாயு தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களை விரிக்கிறது. நீருக்குள் இருந்த வரை தோல் சிவந்து, எழுந்ததும் நீர்மட்டம் இருந்த இடத்தில் கோடு கிழித்தது போல நிறம் மாறியிருந்தது. பீர்த் தொட்டியில் எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் பேச்சே வரவில்லை.

தம்பதிகளுக்கு இதில் ஒரு சங்கடம். இது பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு தொட்டி, ஒருவருக்கு ஓர் அறை. வெள்ளை உடைப் பணியாளர் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் போவார். காதல் மணக்காது. 1896-இல் கட்டிய நோவே லாஸ்னே கட்டடத்தில் உள்ள ரோமானிய பாணிக் குளங்களில் வேண்டுமானால் இருவரும் சேர்ந்து நீரில் இறங்கலாம், மற்றவர்களும் இருப்பார்கள். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அந்தக் கட்டடத்தில் தனிக் குளியலறையே இருந்தது. அதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். மன்னரும் தனியாகத்தான் குளித்தார் என்று என் கணவருக்கு ஆறுதல் சொன்னேன்.

ஓர் எச்சரிக்கை. அந்த ஊர்த் தூண் மண்டபத்தில் சிலுவை ஊற்று என்று ஒன்று உண்டு. உப்புக் கரிக்கும். இலவசம்தானே என்று இரண்டு குவளை குடித்துவிட்டு ரயில் ஏறாதீர்கள். அதில் உள்ள சோடியம் சல்பேட்டுக்கு வயிற்றைச் சுத்தம் செய்வதுதான் தொழில்.

யார் இறங்க வேண்டாம்

வெந்நீரும் மதுவும் சேர்ந்தால் இரண்டும் ரத்தக் குழாய்களை விரிக்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். என் கணவருக்கே ஒன்றரைக் குவளையில் சுற்றியது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கர்ப்பமாக இருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. பார்லி ஒவ்வாதவர்களுக்குத் தொட்டி, குவளை, தட்டில் வரும் ரொட்டி மூன்றுமே ஆகாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். மது அருந்தச் சட்டம் விதித்த வயது 18.

பெண்களுக்கு இரண்டு சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் கால் மழிக்காதீர்கள். ஹாப்ஸ் பட்டால் எரிகிறது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாமல் நான் அப்படியே இறங்கிவிட்டேன். கண்ணிகளுக்குள் மால்ட் நொய் ஏறிக்கொண்டது. அன்று இரவு விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். கூந்தலை உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டுக்கொள்வதும் அவசியம்.

சரி, எது?

பிராகில் மூன்று நாள் மட்டும் என்றால் நகர மையத்துத் தொட்டிதான். வார நாளில், பிற்பகல் நேரமாகப் பாருங்கள்; அடுத்த ஜோடி வாசலில் காத்திருக்கவில்லை என்றால் கதவு தட்டும் கை கொஞ்சம் தாமதிக்கும். ஒருவர் குடிக்காதவராக இருந்தாலும் இதில் குறையில்லை என்பதற்கு நானே சாட்சி. இருவருமே குடிக்காதவர்கள் என்றால் எனக்குச் சந்தேகம்தான். பாதிக்கு மேற்பட்ட வேடிக்கை அந்தக் குழாயில் இருக்கிறது.

ஒரு வாரம் இருக்கிறதென்றால் மரியான்ஸ்கே லாஸ்னேயில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் கனிம நீர், மறுநாள் ஹொடோவா பிளானா. இரண்டையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள், உடம்பு துவண்டுவிடும். சண்டை போடும் தம்பதிகளுக்கு இந்த ஏற்பாட்டில் இன்னொரு வசதி, இரண்டு பேரும் ஜெயித்தது போல இருக்கும்.

பணம் இடிக்கிறது, பீர் மட்டும் போதும் என்றால் தொட்டியை மறந்துவிட்டு ஏதாவது ஒரு சாதாரண ஹோஸ்போடாவுக்குப் போய் உட்காருங்கள். செக்கில் மதுக்கடைக்கு அதுதான் பெயர். பழைய பாணிக் கடைகளில் பரிமாறுகிறவர் மேஜையில் ஒரு நீளக் காகிதத் துண்டை வைத்து, ஒவ்வொரு குவளைக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். போதும் என்று சொல்லாதவரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும். குளியலுக்குக் கொடுக்கும் காசில் அந்தத் துண்டு நிரம்பிப் பின்பக்கமும் கோடு போட வேண்டியிருக்கும்.

மறுபடி போனால் எங்கே என்று ஊர் திரும்பும் விமானத்தில் அவரைக் கேட்டேன். பில்சன் நிலவறை என்றார், யோசிக்காமல். அதில் குளியலே இல்லையே என்றேன். “அதனால் என்ன, நீ மன்னர் மாதிரி தனியாகக் குளித்துவிட்டு வா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.